எமலோகத்தில் ஒரு டிராவல் ஏஜென்ட்
சிரித்துக்கொண்டே விளையாட ‘க்ரிம் ஃபன்டாங்கோ’

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு வகைகள்தான் நினைவுக்கு வரும். ஒன்று கார் ரேஸ். மற்றொன்று துப்பாக்கிச் சண்டை. இரண்டிலும் விரல்கள் வேகமாக ஓட வேண்டும். கண் சிமிட்டினால் ஆட்டம் முடிந்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் “இதெல்லாம் பசங்க சமாச்சாரம்” என்று எழுந்து போவதற்கு இந்த அவசரம்தான் முக்கியக் காரணம்.

அவசரமே இல்லாத கேம் வகை ஒன்றும் இருக்கிறது. நடுவில் எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அதுவரை கதாநாயகன் நின்ற இடத்திலேயே நிற்பான். சுடுவதற்கும் ஓட்டுவதற்கும் பதிலாக ஒரு கதை, அதில் வரும் மனிதர்களோடு பேச்சு, நடுநடுவே புதிர்கள், இவ்வளவுதான் இதில் உண்டு. ஒரு நல்ல மர்ம நாவலுக்குள் புகுந்து நாமே துப்பறிவது போன்ற அனுபவம். இவற்றை ‘அட்வென்ச்சர் கேம்ஸ்’ என்பார்கள். மவுஸால் ஒரு பொருளைச் சுட்டிக் க்ளிக் செய்வதே முக்கிய வேலை என்பதால் ‘பாயின்ட் அண்ட் க்ளிக்’ என்ற அடைமொழியும் சேர்ந்துகொண்டது.

நான் திண்டிவனத்துக்காரன். விழுப்புரத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இப்போது சென்னையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஊருக்குப் போகும்போது எங்கள் குடும்பத்தில் தலைமுறை வித்தியாசம் இல்லாமல் எல்லோரையும் ஒரே திரைக்கு முன் உட்கார வைத்தது இந்த வகையைச் சேர்ந்த ஒரு கேம்தான். பெயர் ‘க்ரிம் ஃபன்டாங்கோ’. செத்துப் போனவர்களைப் பற்றிய கதை. ஆனால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். இது என்ன கேம், எப்படி விளையாடுவது, நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுமா, செலவில்லாமல் இதே போன்ற கேம் கிடைக்குமா என்பதையெல்லாம் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எப்படி வந்தது இந்த வகை?

1970-களில் வந்த முதல் அட்வென்ச்சர் கேம்களில் படமே கிடையாது. “நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள்” என்று திரையில் எழுத்து வரும். “உள்ளே போ”, “விளக்கை எடு” என்று நாம் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். 1984-ல் வந்த சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ போன்ற கேம்களில் படம் இருந்தது. இருந்தாலும் கட்டளைகளை டைப் செய்யும் வேலை போகவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரியாத வார்த்தையை அடித்தால் “புரியவில்லை” என்று பதில் வரும்.

1987-ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் ‘மேனியாக் மேன்ஷன்’ என்ற கேமை வெளியிட்டது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை எடுத்த ஜார்ஜ் லூகாஸின் நிறுவனம்தான். பிற்காலத்தில் இதன் பெயர் லூகாஸ்ஆர்ட்ஸ் என்று ஆனது. இந்தக் கேமில் ‘திற’, ‘எடு’, ‘தள்ளு’ போன்ற சொற்கள் திரையின் அடியில் பட்டியலாகவே வந்துவிட்டன. சொல்லைக் க்ளிக் செய்து, பிறகு பொருளைக் க்ளிக் செய்தால் போதும். டைப் செய்யும் தொல்லை ஒழிந்தது.

1990-ல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ இன்னொரு நல்ல காரியம் செய்தது. தவறான பொருளைத் தொட்டதற்காகக் கதாநாயகன் சாவது, பத்து நிமிட உழைப்பு வீணாவது போன்ற தண்டனைகளை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிட்டது. பயமில்லாமல் எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்றானபின் விளையாடுபவரின் கவனம் கதைக்கும் நகைச்சுவைக்கும் திரும்பியது. இந்தக் கேமை எழுதிய குழுவில் இருந்த இளைஞர் டிம் ஷேஃபர். அவரே பின்னர் தலைமையேற்று உருவாக்கி, 1998 அக்டோபரில் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்டதுதான் ‘க்ரிம் ஃபன்டாங்கோ’.

கதை என்ன?

கதாநாயகன் மேனி கலவேரா ஓர் எலும்புக்கூடு. கோட்டு, டை எல்லாம் உண்டு. ஸ்பானிஷ் மொழியில் ‘கலவேரா’ என்றால் மண்டையோடு என்றே பொருள். மேனி வேலை பார்ப்பது ‘டிபார்ட்மென்ட் ஆஃப் டெத்’, அதாவது மரண இலாகாவில். எல் மாரோ என்ற நகரத்தில் இருக்கிறது அந்த ஆபீஸ். ‘மாரோ’ என்றால் ஆங்கிலத்தில் எலும்பு மஜ்ஜை. ஊர்ப் பெயரிலேயே ஒரு கிண்டல்!

இறந்தவர்கள் தங்கள் இறுதி ஓய்விடமான ஒன்பதாம் பாதாளத்தை அடைய நான்கு வருடம் பயணம் செய்ய வேண்டும். வாழ்ந்த காலத்தில் புண்ணியம் செய்தவர்களுக்கு ‘நம்பர் நைன்’ என்ற எக்ஸ்பிரஸ் ரயிலில் டிக்கெட் கிடைக்கும். நான்கு வருடப் பயணம் நான்கே நிமிடத்தில் முடிந்துவிடும். புண்ணியம் குறையக் குறைய வசதியும் குறையும். கார், கப்பல் என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இருப்பவருக்கு ஒரு கைத்தடி மட்டும் தருவார்கள். அதன் பிடியில் ஒரு திசைகாட்டி இருக்கும். நடந்து போக வேண்டியதுதான்.

இந்த பேக்கேஜ்களை இறந்தவர்களிடம் விற்பதுதான் மேனியின் வேலை. உயிரோடு இருந்தபோது செய்த பாவத்தின் கடன் தீரும்வரை அவன் அந்த ஊரைவிட்டுப் போக முடியாது. கமிஷன் சேர்ந்தால்தான் விடுதலை. ஆனால் நல்ல வாடிக்கையாளர்கள் எல்லாம் பக்கத்து அறை டாமினோவுக்கே போகிறார்கள். மேனிக்கு வருவதெல்லாம் கைத்தடி கேஸ்தான்.

ஒருநாள் மெர்ஸிடஸ் கோலமார் என்ற பெண் வருகிறாள். எல்லோரும் மெச்சே என்று கூப்பிடுவார்கள். அப்பழுக்கில்லாத வாழ்க்கை வாழ்ந்தவள். ரயில் டிக்கெட் உறுதி என்று மேனி நினைக்கிறான். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரோ “டிக்கெட் இல்லை” என்கிறது. அவள் நடந்தே கிளம்பிவிடுகிறாள். அவளுக்குச் சேர வேண்டிய டிக்கெட் எங்கே போனது? இதுதான் கதையின் முடிச்சு. மிச்சத்தைச் சொன்னால் விளையாடும் சுவை போய்விடும் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மொத்தம் நான்கு அத்தியாயங்கள். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு வருடம். ஒவ்வொன்றும் நவம்பர் 2-ம் தேதி, மெக்ஸிகோ நாட்டினர் ‘இறந்தோர் தினம்’ கொண்டாடும் நாளில் நடக்கிறது. வெளிச்சமும் நிழலுமாக இருக்கும் தெருக்கள், சூதாட்ட விடுதி, ஏமாற்றுக்காரர்கள் எல்லாம் 1940-களின் ஹாலிவுட் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களிலிருந்து வந்தவை. 1954-ல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் உடனே பிடிபடும்.

சாவை வைத்துச் சிரிக்கலாமா?

இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலில் கேட்டது எங்கள் ஆயா. திண்டிவனத்தில் வீட்டு டிவியில் லேப்டாப்பை இணைத்து, லீவுக்கு விழுப்புரத்திலிருந்து வந்திருந்த என் அக்கா பெண்ணோடு இதை விளையாடிக்கொண்டிருந்தேன்.

“ஏண்டா கண்ணு, நல்ல நாளும் அதுவுமா எலும்புக்கூட்ட வச்சிக்கினு என்னா வெளையாட்டு?”

“இது எமலோகத்து ஆபீஸ் ஆயா. இவன் அங்க கிளார்க்கு.”

“யாரு, சித்திரகுப்தனா?”

“சித்திரகுப்தன்கிட்ட வேலை பாக்கறவன்னு வச்சிக்க. புண்ணியம் பண்ணவங்களுக்கு ரயில் டிக்கெட் தரணும். எவனோ டிக்கெட்ட அமுக்கிட்டான்.”

ஆயா கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார். “அங்கயும் லஞ்சமா? அப்ப செத்து என்னா பிரயோஜனம்?” என்றார்.

க்ரிம் ஃபன்டாங்கோவின் மொத்தக் கதையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். இங்கே நாம் சிரிப்பது சாவைப் பார்த்து அல்ல. செத்த பிறகும் விடாமல் துரத்தும் க்யூ, ஃபைல், கமிஷன், சிபாரிசு இவற்றைப் பார்த்துத்தான். தட்கல் டிக்கெட்டுக்காகக் காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கண்ணெதிரே வெயிட்டிங் லிஸ்ட் ஏறுவதைப் பார்த்த யாருக்கும் மெச்சேயின் நிலைமையை விளக்கத் தேவையில்லை. நேர்மையாக வாழ்ந்தவளுக்கு உரியதை யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள். நகைச்சுவைக்கு அடியில் இந்தக் கோபம் இருப்பதால்தான் கதை மனதில் நிற்கிறது. இப்படிக் கசப்பும் சிரிப்பும் கலந்ததைத்தான் ஆங்கிலத்தில் ‘ப்ளாக் ஹ்யூமர்’ என்கிறார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. பேரன் பேத்தி எடுத்து நிறைவாக வாழ்ந்தவர் போய்ச் சேர்ந்தால் ‘கல்யாண சாவு’ என்று சொல்லி மேளதாளத்தோடு அனுப்புகிறோம். திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்து நடக்கும்போது, கர்ணன் சாகப் போகும் இரவில்கூடக் கட்டியங்காரன் நக்கலடித்துக்கொண்டே இருப்பான். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே நம் ஊர் மேடையில் தடுப்புச் சுவர் கிடையாது. புண்ணிய பாவக் கணக்கு எழுதும் சித்திரகுப்தனுக்கோ காஞ்சிபுரத்தில் தனிக் கோயிலே இருக்கிறது.

நவம்பர் 2-ம் தேதியும் நமக்குத் தெரிந்ததுதான். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைத் திருநாள் என்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் அதே நாள். மெக்ஸிகோவில் அன்று கல்லறைகளை அலங்கரிக்கும் முக்கியமான பூ நாம் மாலை கட்டும் செண்டுமல்லி. அந்தச் செடியின் பூர்வீகமே மெக்ஸிகோதான். அங்கே ஹோஸே குவாதலூப்பே போஸாதா (1852-1913) என்ற ஓவியர், பணக்காரர்களையும் பகட்டுக்காரர்களையும் எலும்புக்கூடுகளாக வரைந்து மலிவு விலைத் தாள்களில் அச்சிட்டுக் கிண்டல் செய்தார். எத்தனை அலங்கரித்தாலும் உள்ளே எல்லோரும் எலும்புதான் என்ற அந்தக் கிண்டலைத்தான் கேமும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே செத்தவர்கள் மறுபடி எப்படிச் சாவார்கள் என்று கேட்கிறீர்களா? கேமில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒருவிதமான துப்பாக்கியால் சுட்டால் எலும்பிலிருந்து செடி முளைத்து, உடல் முழுக்கப் பூத்து விடும். எலும்புக்கூடுகளின் உலகத்தில் பூ பூப்பதுதான் மரணம்! பார்க்க அழகாகவும் அதே நேரத்தில் திகிலாகவும் இருக்கும் காட்சி இது. மது, சூதாட்டம், துப்பாக்கி எல்லாம் வருவதால் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு, அதற்கு மேல் படிப்பவர்களுக்குப் பொருந்தும்.

புதிர் எப்படி இருக்கும்?

ஆரம்பத்தில் வரும் ஒரு புதிரை மட்டும் உதாரணமாக விளக்குகிறேன். இதைச் சொல்வதால் கதை கெட்டுவிடாது.

மேனிக்கு நல்ல வாடிக்கையாளர் ஒருவர் வேண்டும். ஆனால் யார் யாருக்கு எந்த வாடிக்கையாளர் என்ற தகவல் ஆபீஸில் சுவருக்குள் ஓடும் காற்றுக் குழாய்கள் வழியாக வருகிறது. டாமினோவுக்குப் போகும் தகவலை வழியிலேயே பிடிக்க வேண்டும். குழாய்கள் எல்லாம் சேரும் அறையோ பூட்டியிருக்கிறது. இப்போது என்ன செய்வது?

நான் இந்த மாதிரிப் புதிர்களைப் பின்னாலிருந்து யோசிப்பேன். அறை எப்போது திறக்கும்? ரிப்பேர்காரர் வந்தால் திறக்கும். ரிப்பேர்காரர் எப்போது வருவார்? குழாய் அடைத்துக்கொண்டால் வருவார். குழாயை எதை வைத்து அடைக்கலாம்? ஆபீஸில் பார்சல் பேக்கிங்குக்காக இரண்டு ரசாயனத் திரவங்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டும் கலந்தால் நுரைத்துப் பொங்கி இறுகிவிடும். அவற்றைக் குழாய்க்குள் எப்படிக் கொண்டு போவது? வெளியே தெருவில் திருவிழா நடக்கிறது. அங்கே ஒரு கோமாளி பலூன் தருகிறான்!

பலூன், திரவம், குழாய் மூன்றும் கேமில் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. மூன்றையும் ஒரு கோட்டில் சேர்க்கும் அந்த நொடியில் வருகிற சந்தோஷத்துக்காகத்தான் இந்த வகைக் கேம்களை விளையாடுகிறோம். புரோகிராமில் தவறு கண்டுபிடிப்பதும் இதே வேலைதான். விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கி நடக்க வேண்டும்.

எல்லாப் புதிரும் இவ்வளவு நியாயமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். முதலாம் ஆண்டின் கடைசிப் பகுதியில், கல்லாகிப் போன காடு ஒன்று வரும். அங்கே சில புதிர்கள் எந்த தர்க்கத்துக்கும் கட்டுப்படாதவை. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் உங்கள் மூளையைச் சந்தேகிக்க வேண்டாம்.

விளையாட ஆறு யோசனைகள்

1. சப்-டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வசனங்களை அமெரிக்க ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவார்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் எழுத்தும் குரலும் சேர்ந்து வரும்படி அமைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. தமிழ் மீடியத்தில் படிக்கும் என் அக்கா பெண் முதல் நாள் ஒவ்வொரு வரிக்கும் “மாமா, அப்டின்னா?” என்று கேட்டாள். ஒரு வாரத்தில் கேள்விகள் குறைந்துவிட்டன.

2. வசனத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஒருவரிடம் பேசும்போது நாலைந்து கேள்விகள் பட்டியலாக வரும். அத்தனையையும் கேட்டுவிடுங்கள். ஜோக் மாதிரி சொன்ன ஒரு வரிதான் பல நேரங்களில் அடுத்த புதிருக்கான துப்பாக இருக்கும்.

3. பக்கத்தில் ஒரு நோட்டு, பேனா வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எந்தக் கதவு திறக்கவில்லை, எந்தப் பொருள் இன்னும் பயன்படவில்லை என்று எழுதுங்கள். திறக்காத கதவும் பயன்படாத பொருளும் ஏதோ ஓரிடத்தில் சந்திக்கும்.

4. அடிக்கடி சேவ் செய்யுங்கள். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே பெயரில் சேவ் செய்யாமல் வெவ்வேறு பெயர்களில் வைத்துக்கொள்வது நல்லது.

5. விடையை உடனே தேடாதீர்கள். முழு விடையும் இன்டர்நெட்டில் கிடைக்கும்தான். ஆனால் கதையின் அடுத்த காட்சியை நாமே திறந்தால்தான் சுவை. எங்கள் வீட்டுச் சட்டம் இது: இரவு மாட்டிக்கொண்டால் தூங்கி எழுந்து காலையில் ஒரு முறை முயல வேண்டும். அப்போதும் முடியவில்லை என்றால் ஒரே ஒரு குறிப்பு பார்க்கலாம்.

6. கூட்டாக விளையாடுங்கள். மவுஸ் ஒருவர் கையில், யோசனை எல்லோருக்கும். இதில் கைவேகம் தேவையில்லை என்பதால் பெரியவர்களும் சேரலாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா?

1998-ல் வந்த ஒரிஜினல் இரண்டு சிடிக்களில் வந்தது. 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 32 எம்பி ராமும் போதும் என்றிருந்தார்கள். அதில் மவுஸே கிடையாது என்பது வேடிக்கை. கீ-போர்டால் மேனியை நடத்த வேண்டும். முக்கியமான பொருளுக்கு அருகில் போனால் அவன் தலை அந்தப் பக்கம் திரும்பும். அதுதான் நமக்கு அடையாளம்.

லூகாஸ்ஆர்ட்ஸை விட்டு விலகிய டிம் ஷேஃபர் தொடங்கிய டபுள் ஃபைன் நிறுவனம், 2015 ஜனவரியில் இதன் புதுப்பித்த பதிப்பை வெளியிட்டது. படங்களும் நிழல்களும் மெருகேறின. பீட்டர் மெக்கானலின் இசையைச் சிம்பொனி இசைக் குழுவைக் கொண்டு மீண்டும் பதிவு செய்தார்கள். முக்கியமாக, பாயின்ட் அண்ட் க்ளிக் வசதி வந்துவிட்டது. புதிதாக விளையாடுபவர்கள் இந்தப் பதிப்பையே வாங்குங்கள். ஸ்டீம், ஜிஓஜி ஆகிய தளங்களில் கிடைக்கிறது. அவ்வப்போது தள்ளுபடியும் வரும். சாதாரண ஆபீஸ் லேப்டாப்பிலேயே ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பணமே செலவழிக்காமல் இந்த வகையைப் பழகிப் பார்க்க வேண்டுமா? அதற்கும் சட்டப்படியான வழி இருக்கிறது. ‘ஸ்கம்விஎம்’ என்ற இலவச ஸாஃப்ட்வேர்தான் அது.

ஸ்கம்விஎம் என்ன செய்கிறது?

பழைய டேப் ரிக்கார்டர் கெட்டுவிட்டது, கேசட் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது ரிக்கார்டர் கிடைத்தால் பாட்டு கேட்கலாம் அல்லவா? பழைய அட்வென்ச்சர் கேம்களும் அப்படித்தான். படம், வசனம், “இந்தக் கதவைத் தொட்டால் இது நடக்க வேண்டும்” என்ற கட்டளைகள் எல்லாம் கேசட் போலத் தனி ஃபைல்களில் இருக்கின்றன. அவற்றைப் படித்து இயக்கும் ‘என்ஜின்’ என்ற புரோகிராம்தான் ரிக்கார்டர். பழைய என்ஜின் டாஸ் காலத்துக் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது. இன்றைய விண்டோஸில் அது ஓடாது. மேனியாக் மேன்ஷனுக்காக 1987-ல் எழுதிய என்ஜினின் பெயர் ‘ஸ்கம்’. அதே கேசட்டைப் படிக்கும் புது ரிக்கார்டரை 2001-ல் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஸ்கம்விஎம். இன்று பல நிறுவனங்களின் பழைய கேம்களை இது இயக்குகிறது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் ஓடும்.

க்ரிம் ஃபன்டாங்கோவின் என்ஜின் வேறு. அதன் கட்டளைகளை ‘லுவா’ என்ற மொழியில் எழுதினார்கள். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-ல் உருவான மொழி அது. இந்தக் கேமுக்குப் பிறகு கேம் நிறுவனங்கள் பலவும் லுவாவை எடுத்துக்கொண்டன. க்ரிம் ஃபன்டாங்கோவின் பழைய சிடிக்களை ஓட்டுவதற்காக ‘ரெஸிடுவல்விஎம்’ என்று தனித் திட்டம் நடந்தது. 2020-ல் அது ஸ்கம்விஎம்மோடு இணைந்துவிட்டது. பழைய சிடி யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

இலவசமாகத் தொடங்க ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’

பிரிட்டனின் ரெவல்யூஷன் ஸாஃப்ட்வேர் 1994-ல் வெளியிட்ட கேம் இது. ‘வாட்ச்மென்’ காமிக்ஸுக்குப் படம் வரைந்த டேவ் கிப்பன்ஸ்தான் இதற்கும் ஓவியர். 2003-ல் நிறுவனமே இதை இலவசமாக வழங்க அனுமதித்துவிட்டது. எனவே தயங்காமல் டவுன்லோட் செய்யலாம். 100 எம்பிக்கும் குறைவு.

இதிலும் சிரிப்பு கொஞ்சம் கறுப்புதான். பாலைவனத்தில் பழங்குடியினரிடம் வளர்ந்த ராபர்ட் ஃபோஸ்டர் என்ற இளைஞனை, யூனியன் சிட்டி என்ற நகரத்துக் காவலர்கள் வந்து பிடித்துப் போகிறார்கள். ஏன் என்று அவனுக்கும் தெரியாது. அவனுக்குத் துணை ஜோயி என்ற ரோபோ. ஜோயியின் மூளை ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. எந்த ஓட்டை உடம்பில் பொருத்தினாலும் வேலை செய்வான், ஆனால் “இதெல்லாம் ஓர் உடம்பா?” என்று புலம்பித் தீர்ப்பான்.

நிறுவும் முறை எளிது:

• ஸ்கம்விஎம் தளத்திலிருந்து ஸாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

• அதே தளத்தில் இலவச கேம்கள் பகுதியில் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ சிடி பதிப்பின் ஸிப் ஃபைலை எடுத்து, ஒரு ஃபோல்டரில் விரித்துக்கொள்ளுங்கள்.

• ஸ்கம்விஎம்மைத் திறந்து ‘ஆட் கேம்’ பட்டனை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். எந்த கேம் என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

• கேம் ஆப்ஷன்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் எழுத்து, குரல் இரண்டும் வரும்படி ‘போத்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து வேகத்தையும் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம்.

• ‘ஸ்டார்ட்’ கொடுங்கள். மவுஸின் இடது பட்டனால் ஒரு பொருளைக் க்ளிக் செய்தால் அதைப் பற்றிச் சொல்வான். வலது பட்டன், அதைப் பயன்படுத்த. கையில் உள்ள பொருள்களைப் பார்க்க மவுஸைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டு போங்கள். சேவ் செய்ய எஃப்5.

விற்காமல் போனது, ஆனால் அழியவில்லை

1998-ம் ஆண்டின் சிறந்த கேம் என்று கேம்ஸ்பாட் தளம் க்ரிம் ஃபன்டாங்கோவைத் தேர்ந்தெடுத்தது. இருந்தும் எதிர்பார்த்த விற்பனை இல்லை. அதே காலத்தில் முப்பரிமாணத் துப்பாக்கிச் சண்டைக் கேம்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. 2012-ல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியது. 2013-ல் லூகாஸ்ஆர்ட்ஸின் கேம் உருவாக்கும் பிரிவு மூடப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் மேனி இன்று நம் டிவியில் நடக்கிறான் என்றால் காரணம், சிடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த ரசிகர்களும், சம்பளம் வாங்காமல் என்ஜின் எழுதிய புரோகிராமர்களும்தான்.

தமிழர் வாழ்க்கையைச் சொல்லும் கதைக் கேம் வருமா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. கனடாவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, தமிழ்க் குடும்பம் ஒன்று கனடாவில் குடியேறுவதை இட்லி, புட்டு சமையலின் வழியாகச் சொல்கிறது. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் பெற்றது. இட்லியைச் சொல்ல முடிந்தால் கல்யாண சாவையும் கட்டியங்காரனையும் சொல்ல முடியாதா என்ன? அதை எழுதப் போகிறவர் இன்று விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் முதலில் நாலு நல்ல கதைக் கேம்களை விளையாடிப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாதம் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’யில் தொடங்குங்கள். முதல் காட்சியிலேயே திறக்காத கதவு ஒன்று உங்களை வழிமறிக்கும். எப்படித் திறப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்குத் தேவையானது கதவுக்கு வெகு தூரத்தில் இல்லை. அவசரப்படாமல், திரையை ஓரம் விடாமல் மவுஸால் தடவிப் பாருங்கள்.